காய்ச்சலும் முன்தோலும்: குழந்தை நலக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஆண் குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றையும் முன்தோலையும் பற்றியவை. அவற்றைச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர் மட்டும் குறிப்பிடப்படுகிறது.

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆகின்றன. எட்டாம் மாதத்தில் ஒரு முறையும் சென்ற மாதம் ஒரு முறையும் சளி, இருமல் எதுவுமில்லாமல் 103 டிகிரி காய்ச்சல் வந்தது. முதல் முறை பை ஒட்டிச் சிறுநீர் எடுத்துப் பார்த்து, கிருமி இருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் முறை கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் செய்தார்கள்; அதில் ஈ.கோலை என்று வந்தது. முன்தோல் இறுக்கமாக இருப்பதுதான் காரணம், அதை அறுவை செய்து நீக்கிவிடலாம் என்கிறார் மருத்துவர். என் மாமியார், "நம் குடும்பத்தில் இல்லாத வழக்கம்" என்று ஒரேயடியாக மறுக்கிறார். என் கணவர் யார் பக்கமும் பேசாமல் இருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் மருத்துவர் காரணமில்லாமல் சொல்லவில்லை. ஆனால் அதை இப்போதே செய்ய வேண்டுமா, வேறு சிலவற்றைப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டுமா என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறந்த சில நாள்களிலேயே பெரும்பாலான ஆண் குழந்தைகளுக்கு முன்தோலை நீக்கிவிடும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்துவந்தது. 1970-களில் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், இதற்கு மருத்துவ அவசியம் எதுவும் இல்லை என்று அறிவித்தது. பெற்றோர் பலர் அந்த வழக்கத்தைக் கைவிடத் தொடங்கினர். இந்நிலையில் 1982-இல் டாலஸ் நகர மருத்துவர்கள் இருவர், சிறுநீர்த் தொற்றுடன் மருத்துவமனைக்கு வந்த 100 கைக்குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டபோது, அவர்களுள் ஆண் குழந்தைகளில் 95 விழுக்காட்டினருக்கு முன்தோல் நீக்கப்படவில்லை என்பது தெரிந்தது. தாமஸ் விஸ்வெல் என்ற ராணுவக் குழந்தை மருத்துவர் இதைப் பின்தொடர்ந்து, ஒரு ராணுவ மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து, முன்தோல் உள்ள ஆண் குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் தொற்று ஏறத்தாழ இருபது மடங்கு அதிகம் என்று 1985-இல் எழுதினார். 1975 முதல் 1984 வரை பிறந்த 4,27,698 குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 1987-இல் அவர் வெளியிட்ட அடுத்த ஆய்வில், முன்தோல் நீக்கம் குறையக் குறைய ஆண் குழந்தைகளின் சிறுநீர்த் தொற்று கூடிவந்ததும் புலப்பட்டது.

காரணமும் ஓரளவு விளங்குகிறது. மலத்தோடு வெளிவரும் ஈ.கோலை போன்ற கிருமிகள் முன்தோலின் ஈரமான உட்பரப்பில் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து சிறுநீர்த் துவாரம் மிக அருகில். பிறந்த முதல் சில மாதங்களில்தான் அங்கே கிருமிகள் மிகுதியாக இருக்கும். ஒரு வயதுக்குப் பிறகு அவை தாமாகவே குறைந்துவிடும். உங்கள் மகன் அந்த அபாயக் காலத்தைப் பெரும்பாலும் கடந்துவிட்டான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த "இருபது மடங்கு" என்ற சொல்லைப் பற்றி. கேட்பவர் மனத்தில் அச்சத்தை விதைக்கும் சொல் அது. ஆனால் எதன் இருபது மடங்கு என்று கேட்டால்தான் அதன் எடை தெரியும். 2005-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உள்ளடக்கிய 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். வேறு குறை எதுவும் இல்லாத ஆண் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று கொண்டால், ஒரே ஒரு தொற்றைத் தடுப்பதற்கு 111 குழந்தைகளுக்கு முன்தோலை நீக்க வேண்டியிருக்கும். அறுவையில் இரத்தக் கசிவு, புண் சீழ்பிடித்தல் போன்ற சிக்கல்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு தொற்றைத் தடுக்கப் போய் இருவருக்குச் சிக்கலை உண்டாக்கியதாகிவிடும். ஆனால் தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளில் 11 பேருக்குச் செய்தாலே ஒரு தொற்று தவிர்க்கப்படும். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் பாயும் ரிஃப்ளக்ஸ் என்ற குறை கடுமையாக இருக்கும் குழந்தைகளில் நான்கு பேருக்குச் செய்தாலே போதும். ஒரே அறுவை, ஒரே தோல். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வீண்வேலையாகவும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் வழியாகவும் அது அமையலாம்.

ஆகவே உங்கள் மகன் இந்த மூன்று வகையில் எந்த வகை என்பதே கேள்வி. அதற்கு அவனுக்கு வந்தவை உண்மையிலேயே இரண்டு தொற்றுகள்தாமா என்று முதலில் தெரிய வேண்டும். ஒட்டும் பையில் சேரும் சிறுநீர், தோலிலும் மடிப்பிலும் உள்ள கிருமிகளையும் சேர்த்தே வாரிக்கொண்டு வரும். முன்தோல் பிரியாத சிறுவர்களிடம் இது இன்னும் அதிகம். பை மாதிரியில் குறை எதுவும் தெரியவில்லை என்றால் நம்பலாம். கிருமி இருக்கிறது என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் மகனுடைய முதல் நிகழ்வு அத்தகையது என்பதால் நான் அதைச் சந்தேகத்துடனேயே எண்ணுகிறேன். இரண்டாவது, சிறுநீர் முறையாக எடுக்கப்பட்டிருந்தால், உண்மையான தொற்றுதான். கைக்குழந்தைகளுக்குச் சிறு குழாய் செலுத்தியோ, சிறுநீர் பீச்சும்போது நடுப்பகுதியைச் சுத்தமான குப்பியில் பிடித்தோ எடுப்பது முறை. அடிவயிற்றைக் குளிர்ந்த ஈரத் துணியால் மெல்லத் தடவினால் பல குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்துவிடுவார்கள். பொறுமையுள்ள தாய்மார்கள் இதை எங்களைவிட நன்றாகவே செய்கிறார்கள். எடுத்த சிறுநீர் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும். இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் முதல் வேளை கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அது தவறிப்போவதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அடுத்தது ஸ்கேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததுதான் என்னை உறுத்துகிறது. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த கைக்குழந்தைக்குச் சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் அல்ட்ராசவுண்டில் பார்க்காமல் முன்தோலைப் பற்றிப் பேசுவது, கூரை ஒழுகும் வீட்டில் திண்ணையைச் செப்பனிடுவது போன்றது. ஆண் குழந்தைகளில் சிறுநீர்க் குழாயின் குறுக்கே பிறவியிலேயே ஒரு சவ்வு நின்று வழியை அடைப்பதுண்டு. அத்தகைய குழந்தைகள் சிறுநீரைப் பீச்சாமல் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அல்லது முக்கி முக்கிக் கழிப்பார்கள். மகன் சிறுநீர் கழிப்பதை ஒரு நாள் நின்று கவனியுங்கள். ஸ்கேனில் மாறுதல் தெரிந்தால், சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி எடுக்கும் எம்.சி.யு. எக்ஸ்ரேயும், தொற்று ஆறிச் சில மாதங்கள் கழித்துச் சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனும் தேவைப்படலாம்.

முன்தோல் இறுக்கம் என்றாரே, அதையும் பார்ப்போம். பிறக்கும்போது முன்தோல் ஆண்குறியின் நுனியான மொட்டோடு ஒட்டியிருப்பதே இயல்பு. 1949-இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் பார்த்தபோது, பிறந்த குழந்தைகளில் 4 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது முழுதாகப் பின்னால் சென்றது. பதினான்கு மாதக் குழந்தைக்கு முன்தோல் பிரியவில்லை என்பது நோயே இல்லை. சிறுநீர் வரும்போது தோல் பலூன்போல் உப்பினாலும், குழந்தை வலியின்றிக் கழித்தால் அதற்காகக் கத்தியை எடுக்க வேண்டியதில்லை. நுனியில் வெண்மையான கடினத் தழும்பு வளையமாகக் கட்டியிருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு அறுவையே தீர்வு.

இவ்வளவும் பார்த்த பிறகு ஸ்கேன் சரியாக இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் காத்திருப்பேன். பீட்டாமெத்தசோன் களிம்பை நுனித்தோலில் நாளைக்கு இருமுறை நான்கு முதல் எட்டு வாரம் தடவினால், ஐந்தில் நான்கு பேருக்குத் தோல் தளர்ந்துவிடுகிறது. இதை மருத்துவர் எழுதித் தந்த பிறகே தொடங்குங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். முறையாக எடுத்த சிறுநீரில் மீண்டும் தொற்று உறுதியானாலோ, கடுமையான ரிஃப்ளக்ஸ் தெரியவந்தாலோ, முன்தோல் நீக்கத்துக்கு நானும் சம்மதிப்பேன். அந்த நிலையில் நாள்தோறும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கொடுத்துவருவது இன்னொரு வழி. ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், அம்முறை மறுதொற்றைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் சிறுநீரகத் தழும்பைக் குறைக்கவில்லை. அதில் பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண் குழந்தைகள் என்பதால், அந்த முடிவை நம் பையனுக்கு அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: சிறுநீரகத்துக்காகச் செய்யும்போது அது குடல்வால் அறுவையைப் போன்ற ஒரு சிகிச்சைதான், எந்த மதத்துக்கும் உரிய சடங்கு இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்வது, வீட்டில் வாதிடுவதைவிடப் பயன் தரும்.

கேள்வி: என் மகனுக்கு வரும் மே மாத விடுமுறையில் சுன்னத்து செய்ய நாள் குறித்திருக்கிறோம், அவனுக்கு ஐந்து வயது. பிறந்தபோதே அவனுக்கு முன்தோல் அடிப்பக்கம் இல்லாமல், மேலே மட்டும் முக்காடுபோல் இருந்தது. "பாதி சுன்னத்து ஆண்டவனே செய்து அனுப்பிவிட்டான்" என்று வீட்டுப் பெரியவர்கள் மகிழ்கிறார்கள். பரம்பரையாகச் சுன்னத்து செய்துவரும் ஊர் ஒஸ்தாவிடமே மீதித் தோலை எடுத்துவிடலாம் என்பது என் தந்தையின் விருப்பம். சுன்னத்து செய்துவிட்டால் பிற்காலத்தில் சிறுநீர்த் தொற்றே வராது என்பதும் உண்மையா?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: குறித்த நாளை உடனே தள்ளிவையுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் இவ்வளவு கண்டிப்பாக நான் எழுதவில்லை.

நீங்கள் விவரித்திருக்கும் தோற்றம், சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் சற்றுக் கீழே அமைந்துவிடும் பிறவிக் குறையோடு சேர்ந்து வருவது. 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. மகன் சிறுநீர் கழிக்கும்போது தாரை நேரே முன்னோக்கி வருகிறதா, காலடியில் விழுகிறதா என்று பாருங்கள். துவாரம் கீழே இருந்தால், குழந்தை அறுவை மருத்துவர் அதை நுனிக்குக் கொண்டுவரும்போது, மேலே இருக்கும் அந்த முக்காட்டுத் தோலைத்தான் பல நேரங்களில் பயன்படுத்துவார். அதை முன்பே வெட்டி எறிந்துவிட்டால் அவர் கையில் துணியில்லாத தையற்காரர் நிலைதான். திருத்தும் அறுவையோடு முன்தோலும் நீங்கிவிடுவதால் சுன்னத்தும் ஒருசேர நிறைவேறிவிடும். உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் தடை சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இத்தகைய குறை இல்லாத குழந்தைகளுக்குக்கூட, மயக்க மருந்தும் தூய்மைப்படுத்திய கருவிகளும் உள்ள மருத்துவமனையில் செய்வதே நலம். முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. தாய்மாமன்களில் எவருக்கேனும் பல் பிடுங்கியபோதோ சிறு காயத்திலோ இரத்தம் நிற்காமல் ஓடியதுண்டா என்று மனைவியிடம் கேளுங்கள். இரத்தம் உறையாமை நோய் தாய்வழியாக மகனுக்கு வரும். இரண்டு மகன்கள் முன்தோல் நீக்கத்தால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்ய வேண்டாம் என்று யூதர்களின் சமயச் சட்டநூலான தால்முத் விலக்களித்திருக்கிறது என்றால், அந்நோய்க்குப் பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அதை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

தொற்றே வராது என்பது உண்மையன்று. வாய்ப்பு வெகுவாகக் குறையும், அவ்வளவே. சுன்னத்து செய்த பையனுக்கும் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அவனுக்கு உறுதியாகத் தொற்று இருந்தால், உள்ளே வேறு குறை இருக்கிறதா என்று இன்னும் கவனமாகவே தேட வேண்டும்.

கேள்வி: என் பேரனுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. குளிப்பாட்டும் அம்மாள், எண்ணெய் தேய்த்து, தினமும் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுக்குச் சேர்ந்து கிருமி வரும் என்கிறார். தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு மணியும் தெரிகிறது, அது சீழா? என் மகள் அந்த இடத்தைத் தொடவே கூடாது என்கிறாள்.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. வலிந்து தள்ளினால் தோல் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இயல்பாகப் பிரிந்திருக்கக்கூடிய முன்தோல் உண்மையிலேயே இறுகிப்போகும். பிறகு அறுவைக்குத்தான் போக வேண்டியிருக்கும். பின்னுக்குத் தள்ளிய தோல் திரும்ப முன்னால் வராமல் மொட்டின் கழுத்தில் இறுக்கிக்கொண்டு வீங்கினால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிப்புறத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் கழுவினால் போதும். வெள்ளை மணி சீழ் அன்று. உதிர்ந்த தோல் துகள்கள் திரண்டு அப்படித் தெரிகின்றன, தோல் பிரியும்போது தாமே வெளியேறிவிடும். சிவப்பும் வீக்கமும் வலியும் சேர்ந்திருந்தால் மட்டும் காட்டுங்கள்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ச்சலோடு கொண்டுவரப்படும் அந்த வயது ஆண் குழந்தைகளில், முன்தோல் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பதாகவும், நீக்கியவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருப்பதாகவும் 2008-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. நம் வீட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் வகையினர். இந்த வயதில் எரிச்சல், கடுப்பு என்று எதுவும் தெரியாது. பால் குடிக்க மறுப்பதும் வாந்தியும் சோர்வும் மட்டுமே இருக்கலாம், சிலருக்குக் காய்ச்சல்கூட இருக்காது.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். இரண்டு மாதமாகச் சிறுநீர் எரிகிறது என்கிறான். இரவில் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கிவிட்டான். உடல் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம், இளநீரும் கொடுத்தோம். முன்தோல் நீக்கினால் சரியாகும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இளநீரும் வெந்தயமும் கெடுதல் செய்யவில்லை, ஆனால் இரண்டு மாதம் போய்விட்டது. உலர்ந்து இருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால், சிறுநீரையும் இரத்தச் சர்க்கரையையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

எட்டு வயதில் நான் முன்தோலைப் பற்றிக் கேட்பதற்கு முன் பள்ளிக் கழிப்பறையைப் பற்றிக் கேட்பேன். நாற்றத்துக்கும் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கும் அஞ்சி, காலை எட்டு மணிக்கு வீட்டில் போனவன் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் மறுபடி போகிறான். அதற்காகத் தண்ணீர்ப் புட்டியையும் திறப்பதில்லை. மலத்தையும் அப்படியே அடக்குகிறான். இறுகித் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அது முழுதாகக் காலியாவதில்லை. மீந்து நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகுகிறது. மலச்சிக்கலோடு வந்த 234 குழந்தைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், 11 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்த் தொற்றும் இருந்தது. மலச்சிக்கலைச் சரிசெய்ததும், சிறுநீர்ப் பாதையில் அமைப்புக் குறை இல்லாதவர்களுக்கு அது திரும்ப வரவில்லை.

எனவே சிறுநீர் கல்ச்சர் முடிவு வந்ததும் அதற்குரிய மருந்தை முழுதாகக் கொடுங்கள். மலம் இளகுவதற்கான மருந்தைச் சில மாதங்களுக்காவது தொடர வேண்டியிருக்கலாம், பாதியில் நிறுத்த வேண்டாம். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்லிப் பழக்குங்கள். வகுப்பாசிரியரிடம் நேரில் சென்று, பாட வேளையின் நடுவிலும் அவனைக் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.